கொடுக்கும் கையும் கணக்கு வைக்கும் மனமும்

சென்ற ஆண்டு, ரமளான் பிறக்கச் சில வாரங்களே இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. முகப்பேரில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாயிலின் இரு மருங்கிலும் யாசிப்போர் அமர்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வியாழன் மாலையே பத்து ரூபாய்த் தாள்களாகச் சில்லறை மாற்றி வைத்து, மறுநாள் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்வோம். கொடுக்கும் பழக்கம் இளமையிலேயே கையில் படிய வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அன்று பதினைந்து வயதான எங்கள் மகன் அந்தத் தாள்களைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், மடிப்புக் குலையாமல் அவற்றை உணவு மேசையின் மேல் வைத்தான்.

காரணம் கேட்டோம். "கொடுப்பதால் அவர்களுக்கு நன்மை ஒன்றும் இல்லை, அத்தா. நாம் கொடுப்பதை வேறு எவனோ பிடுங்கிக்கொள்வான். பிடுங்காவிட்டாலும், தாமே எழுந்து நிற்கும் வாய்ப்பை நாம்தான் அவர்களிடமிருந்து பறிக்கிறோம்" என்றான். சோம்பலாலோ கூச்சத்தாலோ சொன்ன சொல் அன்று அது. ஆழ்ந்து யோசித்து, முடிவுக்கு வந்தவனின் சொல். அந்தத் தெளிவுதான் எங்களை அச்சுறுத்தியது.

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியும். இருவரும் பேசிப் பேசி எழுதியது என்பதால் யார் எதைச் சொன்னோம் என்று பிரித்துக் காட்டவில்லை. 'மகப்பேறு' என்ற சொல்லே மருவி முகப்பேர் ஆயிற்று என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். அந்தப் பெயர்க் காரணம் சரியோ தவறோ, பிள்ளைகளைப் பெற்றதும் வளர்த்ததும் எங்களுக்கு இந்த ஊரில்தான். ஆகவே அன்றைய கேள்வியை ஒரு வசவோடு முடித்துவிட மனம் வரவில்லை. இந்தப் பாடத்தை யார் கற்றுக்கொடுத்தார் என்று விசாரித்தோம். நண்பனோ ஆசிரியரோ அல்லர். ஒரு கணினி விளையாட்டில் வரும் முதிய பெண்மணி என்று விடை வந்தது.

முதல் விளையாட்டு: நன்மைக்கு ஒரு மானி

அந்த விளையாட்டின் பெயர் 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்'. சரியாகச் சொன்னால், அதன் தொடர்ச்சியான 'தி சித் லார்ட்ஸ்'. இரண்டும் ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களின் உலகில், அப்படங்களின் நிகழ்ச்சிகளுக்குச் சுமார் 4,000 ஆண்டுகள் முன்னதாக நடப்பதாக அமைந்த கதைகள். முதலாவது கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாவதை அமெரிக்காவின் ஒப்சிடியன் நிறுவனம் உருவாக்கி, 2004 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸிலும் 2005 தொடக்கத்தில் கணினியிலும் கொண்டுவந்தது. பிற்காலத்தில் இரண்டும் கைப்பேசிக்கும் வந்துவிட்டன. தொடர்ச்சி வந்தது 2020 டிசம்பரில். எங்கள் மகன் இரண்டையும் வீட்டிலிருக்கும் டேப்லெட்டில் ஆடினான்.

முதல் விளையாட்டு எங்களுக்குப் புதிதன்று. திருமணத்துக்கு முன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டு பாடியில் நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில், எங்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஆடியதுண்டு. 'பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு' என்ற வகையைச் சேர்ந்தது அது. சுடுவதும் ஓடுவதும் மட்டும் அன்று. எதிரே வருவோரிடம் பேசலாம். என்ன பதில் சொல்வது என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். நமது தேர்வுக்கேற்பக் கதை வளையும். நல்லதைச் செய்தால் ஒளிப் பக்கம் மதிப்பெண், தீயதைச் செய்தால் இருள் பக்கம் மதிப்பெண். திரையில் ஒரு மானி அதை உடனுக்குடன் காட்டும். இருளில் சாயச் சாய, நம் பாத்திரத்தின் முகமே வெளிறி அழுகிப்போகும்.

தாதூயின் என்னும் பாலைவனக் கோளில் ஒரு காட்சி. கணவனை இழந்த பெண் ஒருத்தி பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறாள். கணவன் வேட்டையாடிய பெரு விலங்கின் எலும்புத் தகடு ஒன்றுதான் அவளிடம் எஞ்சிய சொத்து. வேட்டை உரிமம் இல்லாததால் அவளால் அதைக் கடையில் விற்க முடியாது. நாம் அதை விற்றுப் பணத்தை அவளிடம் ஒப்படைக்கலாம். நம் கைக்காசையும் சேர்த்துக் கொடுக்கலாம். அல்லது ஏமாற்றித் தகட்டை எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவுடன் மானி ஒளிப் பக்கம் ஏறும். அவள் நன்றி சொல்லி மறைந்துவிடுவாள். அந்தப் பணத்தில் எங்கே போனாள், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கதை திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடுகிறவரும் பார்ப்பதில்லை. மதிப்பெண் கிடைத்துவிட்டதே.

இவ்விளையாட்டின் நடுவில் புகழ்பெற்ற ஒரு திருப்பம் உண்டு. வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் சொல்வதில் தவறில்லை. உலகங்களை எரித்த ரெவன் என்னும் கொடியவனைப் பற்றிக் கதை முழுவதும் கேள்விப்பட்டுக்கொண்டே போகிறோம். ஒரு கட்டத்தில், அந்த ரெவன் நாம்தான் என்று தெரியவருகிறது. வீழ்ந்து கிடந்தவனைக் கொல்லாமல், ஜெடாய் சபையினர் அவன் நினைவைத் துடைத்துப் புதிய மனிதனாக எழுப்பி விட்டிருக்கிறார்கள். இளமையில் அது எங்களுக்கு வியப்பாக மட்டுமே இருந்தது. மகனோடு மீண்டும் பேசியபோது வேறொன்று உறுத்தியது. செய்த பாவம் நினைவிலேயே இல்லாதவன் எப்படி வருந்துவான்? தவ்பாவின் முதல் நிபந்தனையே வருத்தம் என்றல்லவா நம் உலமாக்கள் சொல்லித் தருகிறார்கள்? பிறகு அப்பாவத்தை விட்டு விலகுவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது, அடியார்களின் உரிமையைப் பறித்திருந்தால் திருப்பிக் கொடுப்பது. ரெவனுக்கு இவற்றில் முதற்படியே கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது பிறர் துடைத்துக் கொடுத்த வெள்ளைப் பலகை.

இரண்டாம் விளையாட்டு: மறக்க முடியாதவர்

தொடர்ச்சி இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்குகிறது. இதன் தலைமைப் பாத்திரம், ரெவனின் படையில் தளபதியாக இருந்து, மலாக்கோர் என்னும் கோளில் பேரழிவு ஆயுதத்தை இயக்க ஆணையிட்டவர். பகைவரும் தம்மவருமாக எண்ணற்றோர் அங்கே மாண்டார்கள். அந்த நொடியில் அவர் தம் ஆற்றல் முழுவதையும் இழந்தார். போரில் ரெவனோடு சென்ற ஜெடாய்களுள், சபையின் முன் திரும்பிவந்து தீர்ப்புக்குத் தலைவணங்கியவர் அவர் ஒருவரே, நாடு கடத்தப்பட்டார். முதல் கதையின் நாயகனுக்கு ஆற்றல் இருந்தது, நினைவு இல்லை. இரண்டாம் கதையில் நினைவு முழுவதும் இருக்கிறது, ஆற்றல் இல்லை. செல்லும் இடமெல்லாம் பழைய போரின் ஆறாத புண்கள். அகதிகள், ஊனமுற்ற வீரர்கள், வேலையற்றவர்கள்.

இங்கேயும் ஒளி, இருள் என்ற அதே மானி உண்டு. அதனோடு புதிதாக ஒன்றும் சேர்ந்தது. உடன் வரும் தோழர்கள் மேல் நமக்குள்ள செல்வாக்கு. நாம் செய்வதைப் பார்த்து அவர்கள் நம்மை நெருங்குகிறார்கள் அல்லது விலகுகிறார்கள். நெருங்கியவர்கள் நம் பாதையிலேயே தாமும் சாயத் தொடங்குகிறார்கள். நாம் நல்லவராக நடந்தால் அவர்கள் முகமும் தெளியும். நாம் கெட்டால் அவர்களும் கெடுவார்கள். அறிவுரை சொல்லி அவர்களை மாற்ற முடிவது கொஞ்சம். நம் செயல் மாற்றுவதே அதிகம். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அத்தோழர்களுள் முதன்மையானவள் க்ரேயா. கண்களை மறைக்கும் முக்காடிட்ட முதியவள். நாயகருக்கு ஆசானாக வருபவள். எந்தச் செயலையும் புகழமாட்டாள். அதன் விளைவு என்ன, அவ்விளைவின் விளைவு என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். போர் அகதிகள் நிரம்பிய நார் ஷத்தா என்னும் நிலவில் ஒரு யாசகன் சில காசுகள் கேட்கிறான். கொடுத்தால், க்ரேயா நம்மை நிறுத்தி ஒரு காட்சியைக் காட்டுகிறாள். காசு பெற்ற அந்த யாசகனை, மூலையில் காத்திருந்த இன்னொருவன் அடித்துப் பறித்துக்கொள்கிறான். விரட்டிவிட்டால், விரட்டப்பட்டவன் தன் கோபத்தை வேறொரு எளியவன் மேல் காட்டும் காட்சி வருகிறது. எப்படிச் செய்தாலும் கண்டனம்தான். ஆனால் கொடுத்தவருக்கு அவள் சொல்லும் விளக்கம் கூர்மையானது. உழைத்துப் பெறாததை ஒருவனுக்குக் கொடுப்பது அவனைப் பலவீனனாக்கும் என்கிறாள். எங்கள் மகனின் மனத்தில் தைத்தது இதுதான்.

முதல் விளையாட்டில் அந்த விதவைக்குக் கொடுத்தபோது மானி ஏறியது. யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. இரண்டாம் விளையாட்டு பின்தொடர்ந்து பார்த்தது. பின்தொடர்ந்து பார்த்ததே உண்மைக்கு நெருக்கம் என்று ஓர் இளைஞன் முடிவு செய்தால் அவனைக் குறை சொல்வது எளிதன்று.

விளையாட்டுகளைப் பொதுவாகப் பற்றி ஒரு சொல். இரண்டும் அமெரிக்கத் தர வரிசையில் பதின்ம வயதினருக்கானவை. எனினும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை உண்டு. பஸாக் என்ற சீட்டாட்டத்தில் பணம் வைத்து ஆடும் வாய்ப்பு இரண்டிலும் வருகிறது. பிரபஞ்சத்தை இயக்குவதாகச் சொல்லப்படும் அந்த ஆற்றல், நம் ஏகத்துவக் கொள்கைக்கு முற்றிலும் அந்நியமானது. இவற்றைப் பற்றி மகனிடம் முன்னரே பேசியிருந்தோம்; மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் டேப்லெட்டை மூடிவைப்பது என்றும் ஏற்பாடு. கவனித்தவை எல்லாம் சரி. கவனிக்காமல் விட்டது, ஒரு முதியவளின் தர்க்கத்தை.

அவன் திருப்பிக் கேட்ட கேள்வி

அன்றிரவு நாங்கள் அவனுக்கு ஸதகாவின் சிறப்புகளை எடுத்துச் சொன்னோம். ஒன்றுக்கு எழுநூறு மடங்கு வரை பெருகும் நன்மை, தர்மத்தால் செல்வம் குறைவதில்லை என்ற நபிமொழி, மறுமையின் நிழல். பொறுமையாகக் கேட்டான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வாயிலின் வலப்பக்கம் முதலில் உட்காருவாரே ஒரு பெரியவர், அவருக்கு எத்தனை வருடமாகக் கொடுக்கிறோம், அம்மா?"

ஏழு, எட்டு வருடம் இருக்கும் என்றோம்.

"அவர் பெயர் என்ன?"

எங்களுக்குத் தெரியவில்லை. எந்த ஊர், எங்கே தூங்குகிறார், காலை ஏன் நீட்டியே வைத்திருக்கிறார், எதுவும் தெரியவில்லை. எட்டு வருடங்களில் ஏறத்தாழ நானூறு வெள்ளிக்கிழமைகள். நானூறு முறை ஒரு மனிதரின் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறோம், முகத்தைப் பார்த்ததில்லை. நாங்கள் முதல் விளையாட்டைத்தான் இத்தனை காலமும் ஆடிக்கொண்டிருந்தோம் என்று அப்போது விளங்கியது. கொடுப்போம், எங்கள் கணக்கில் ஏறியிருக்கும் என்று நம்பி நடந்துவிடுவோம்.

நன்மையை எதிர்பார்த்துக் கொடுப்பது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. அல்லாஹ்வே வாக்களித்த கூலி அது. அதை விரும்புவது ஈமானின் பகுதி. ஆனால் வாங்குகிறவரை அந்தக் கணக்கின் ஒரு வரியாகச் சுருக்கிவிடுவது வேறு. சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்கிக்கொள்ளாதீர்கள் என்று குர்ஆன் எச்சரிப்பதை நாங்கள் அறிவோம். சொல்லிக்காட்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தோம். முகம் பாராமல் கொடுப்பதும் ஒருவகையில் நோகடிப்பதுதானோ என்று அன்றுதான் எண்ணினோம்.

அடுத்த வெள்ளி, மூவருமாகச் சற்று முன்னரே சென்றோம். ஸலாம் சொல்லிவிட்டு மகன் அவர் அருகில் அமர்ந்தான். பெயர் கேட்டான். (அவர் பெயரை இங்கே எழுதவில்லை; அதை வெளியிடும் உரிமை எங்களுக்கு இல்லை.) கோயம்பேடு காய்கறி அங்காடியில் முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்தவர். 2020 மே மாதம், கொரோனா பரவலால் அங்காடியை மூடி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்களே, அந்த மாதங்களில் வேலை போயிற்று. அதற்கும் முன்பே முழங்கால் தேய்ந்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் சுமக்க முடிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இங்கு வந்து அமர்ந்தது அதனால்தான். அங்காடி திரும்பி வந்தபோது சுமை தூக்கும் கால் அவருக்கு இல்லை. ஆக, உழைக்க மறுத்தவர் அல்லர் அவர். உழைப்பு அவரைத் தின்று முடித்திருந்தது. க்ரேயாவின் பாடத்தில் இப்படிப்பட்டவருக்கு இடமே இல்லை என்பதை மகன் தானாகக் கண்டுகொண்டான். நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவள் சொன்னதில் ஒரு பாதி மெய் என்பதையும் அதே பெரியவர்தான் எங்களுக்குச் சொன்னார். ரமளான் வந்ததும், மனம் நெகிழ்ந்து, எல்லோருக்கும் எதிரே ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை அவர் கையில் வைத்தோம். மறுவாரம் அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்: "கொடுப்பதானால் இப்படி வெளிச்சத்தில் கொடுக்காதீர்கள், பாய். படுக்கும் இடத்தில் அன்றிரவே எடுத்துக்கொண்டார்கள். தடுக்கப்போய் அடியும் வாங்கினேன்."

நார் ஷத்தாவில் காட்டப்பட்ட காட்சி, கற்பனையன்று. முகப்பேரில் எங்கள் கையாலேயே நடந்துவிட்டது. மகன் எங்களைப் பார்த்தான். வென்றுவிட்ட பார்வை இல்லை அது. அந்தப் பெரியவரின் உதட்டோரத்து வீக்கத்தைப் பார்த்த பின் யாருக்கும் வாதத்தில் வெல்லும் ஆசை இருக்காது.

மூடிய கையா, அறிந்த கையா?

அன்று வீடு திரும்பி நீண்ட நேரம் பேசினோம். விளைவைப் பார்க்கச் சொன்ன முதியவள் தவறு செய்யவில்லை. விளைவைப் பார்த்தபின் கையை மூடச் சொன்னதில்தான் தவறினாள் என்பது மெல்ல மெல்லத் தெளிந்தது. காசு பறிபோகிறது என்றால், பறிபோகாத வகையில் கொடுக்க வழி தேட வேண்டும். மறைவாகக் கொடுப்பதை மார்க்கம் சிறப்பித்ததற்குக் கொடுப்பவரின் உள்ளத்தூய்மை ஒன்றே காரணம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். வாங்குகிறவரின் மானத்துக்கும் பாதுகாப்புக்கும் அதுவே அரண் என்பதை ஒரு வீங்கிய உதடு கற்றுக்கொடுத்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஓர் அன்சாரித் தோழர் உதவி கேட்டு வந்த செய்தி அபூதாவூதில் அனஸ் (ரலி) வாயிலாகப் பதிவாகியிருக்கிறது. வீட்டிலிருந்த ஒரு விரிப்பையும் ஒரு பாத்திரத்தையும் கொண்டுவரச் செய்து, இரண்டு திர்ஹமுக்கு ஏலம் விட்டார்கள். ஒன்றில் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றில் கோடரி. பிடியைத் தம் கையாலேயே பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாள் கழித்து வருமாறும் பணித்தார்கள். அவர் பத்து திர்ஹம் ஈட்டி வந்தார். உழைப்பின் பக்கம் திருப்பிவிடும் பாடம் நம்மிடமும் உண்டு. ஆனால் கவனியுங்கள்: முதல் திர்ஹம் உணவுக்கே சென்றது. பசித்தவனிடம் முதலில் உணவு, பிறகு கோடரி. அந்தக் கோடரியும் வெறும் அறிவுரையாக வரவில்லை. பிடி பொருத்திய கைகளின் உழைப்போடு வந்தது. க்ரேயா தன் யாசகனுக்கு எதையும் பொருத்திக் கொடுக்கவில்லை.

இன்னொரு நபிமொழி மகனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அபூஹுரைரா (ரலி) அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றது. தர்மம் செய்யப் புறப்பட்ட ஒருவர் முதல் நாள் அறியாமல் ஒரு திருடன் கையில் கொடுத்துவிடுகிறார். மறுநாள் ஒழுக்கம் தவறிய ஒரு பெண்ணின் கையில். மூன்றாம் நாள் ஒரு செல்வந்தனின் கையில். ஒவ்வொரு காலையும் ஊர் சிரிக்கிறது. அவரோ ஒவ்வொரு முறையும் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு மீண்டும் புறப்படுகிறார். இறுதியில் அவருடைய தர்மம் ஏற்கப்பட்டதாக அவருக்குச் சொல்லப்படுகிறது. திருடன் திருட்டை விடக்கூடும், அப்பெண் அவ்வழியை விடக்கூடும், செல்வந்தன் படிப்பினை பெற்றுத் தானும் கொடுக்கக்கூடும் என்று. இதுவும் விளைவின் விளைவைப் பற்றிய பேச்சுதான். க்ரேயா கண்டது ஒரே ஒரு விளைவு, அதுவும் கெட்டது. இங்கே விளைவுகள் பல. எவற்றையும் கொடுத்தவர் முன்கூட்டிக் காண முடியாது. "எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசினாளே, அத்தா, அவள் பார்த்தது ஒரு மூலையைத்தான்" என்றான் மகன்.

முடிக்கப்படாத முடிவு

கோடை விடுமுறையில் அவன் இரண்டாம் விளையாட்டை ஆடி முடித்தான். க்ரேயா உண்மையில் யார் என்பது இறுதியில்தான் வெளிப்படுகிறது. துரோகம் செய்தும் துரோகத்துக்கு ஆளாகியும் வன்மம் முற்றியவள். கடைசியில் எதிர்த்து நிற்பவளும் அவளே. அவள் தீயவளாக முடிந்ததால் அவள் கேள்விகள் பொய்யாகிவிடவில்லை என்றும், கேள்வி சரியாக இருந்ததால் அவள் ஆசானாகத் தகுதி பெற்றுவிடவில்லை என்றும் அவனே சொன்னான். நாங்கள் வாய் திறக்கவில்லை.

முடிவு அவனுக்கு நிறைவளிக்கவில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பண்டிகைக் கால விற்பனைக்குள் கொண்டுவர வேண்டும் என்ற அவசரத்தில், இவ்விளையாட்டு ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான காலத்தில் உருவாக்கப்பட்டது. ஒரு கோள் முழுவதும் நீக்கப்பட்டது. தோழர்கள் பலருடைய கதை பாதியில் நின்றது. முதல் விளையாட்டு எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து, வெற்றி விழாவோடு முடியும். இரண்டாவது திடீரென்று நின்றுபோகும். பிற்பாடு ஆர்வலர்கள் சிலர், வெட்டப்பட்ட பகுதிகளின் எச்சங்கள் வட்டிலேயே புதைந்து கிடப்பதைக் கண்டெடுத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து, அவற்றைக் கோத்து ஒரு திருத்தமாக எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். கூலியற்ற அந்த உழைப்பை மகன் வியந்து சொன்னபோது, கொடுத்தால் பலவீனமாவார்கள் என்று சொன்னவளின் கதையே பிறர் கொடுத்ததால்தான் முழுமை பெற்றிருக்கிறது என்று நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

எது சிறந்தது என்று கேட்டால், கட்டுக்கோப்பில் முதலாவது; பேச வைப்பதில் இரண்டாவது. முதலாவது ஒரு பாவியின் நினைவைத் துடைத்து அவனுக்கு வழி திறந்தது. இரண்டாவது நினைவோடேயே நடக்கவிட்டது. நூறு கொலை செய்தவன் தவ்பா தேடி நல்லோர் ஊரை நோக்கி நடந்து, வழியிலேயே மாண்ட வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அவனுக்கு யாரும் நினைவைத் துடைக்கவில்லை. நூறும் நினைவிருக்க, நடந்தான். எந்த ஊருக்கு நெருங்கியிருந்தான் என்று அளந்து பார்க்கப்பட்டது. ஒரு சாண் அளவு நல்லோர் ஊர்ப்பக்கம் இருந்தான். எங்கள் எட்டு வருட வெள்ளிக்கிழமைகளைத் துடைக்க எங்களுக்கும் வழியில்லை. நடப்பதுதான் வழி.

இப்போதைய நிலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பெரியவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை பெற முடியுமா என்று பார்க்க, மகன் அவரை இ-சேவை மையத்துக்கு அழைத்துச் சென்றான். ஆதாரில் பழைய முகவரி, அதைத் திருத்த இன்னோர் ஆவணம் வேண்டும், அதற்கு இன்னொன்று. மூன்று முறை அலைந்துவிட்டான். விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. அதுவரை அவருடைய மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்தாகவே கொடுக்கிறோம்; பணம் என்றால் சிறு தொகையாக, தொழுகைக்குப் பின் சந்தடி அடங்கியபின். வரிசையில் மற்றவர்களுக்குப் பத்து ரூபாய்த் தாள்கள் பழையபடி உண்டு. அவற்றை மகன்தான் கொடுக்கிறான். ஆனால் நேரம் அதிகமாகிறது. ஒவ்வொருவரிடமும் நின்று, ஸலாம் சொல்லி, பெயர் சொல்லி விசாரித்துவிட்டுத்தான் நகர்கிறான். பதினோரு பேர் பெயர் அவனுக்குத் தெரியும். எங்களுக்கு இதுவரை ஆறு.

எங்கள் கையையும் எங்கள் பிள்ளைகளின் கையையும் அல்லாஹ் திறந்தே வைப்பானாக. நாம் கொடுத்ததில் நேர்ந்துவிட்ட குறைகளை அவன் பொறுத்தருள்வானாக.